இன்னும் பூக்காத ஆர்க்கிட்

“மேடம், உள்ளே இருக்கிறது உயிரோட இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

ஸ்தனிஸ்லாஸ் இதை எத்தனை தடவைதான் கேட்பாரோ! ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருப்பவர். மனைவி சலேத் இறந்த பிறகு, திசு வளர்ப்பு கற்றுக்கொள்ள இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுக்கும் பர்வீன் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதனாலென்ன, குரு குருதான்.

உறைகுழாய்க்குள் இருப்பது, இரண்டு ஆர்க்கிட்டுகளுக்கு மகரந்தம் சேர்த்து சலேத் உண்டாக்கிய புது ரகம். ஒரு பூகூடப் பூக்கவில்லை. அதற்குள் போன மழையில் அழுகல் நோய் விழுந்து, தோட்டத்தில் இருந்த அந்த ரகச் செடிகள் அத்தனையும் போயின.

நல்லவேளை, பர்வீன் முன்பே சில குருத்துகளைக் கிள்ளித் திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தார். வெளியே எடுத்து வளர்த்துப் பார்த்தவை ஒவ்வொன்றாகச் செத்தன. இப்போது மிச்சம் ஒரே குழாய், ஒரே குருத்து.

“சாயம் போட்டா தெரிஞ்சிடும்ணா. உயிர் இருந்தா சிவக்கும்,” என்றார் பர்வீன்.

“அப்ப போடுங்களேன்!”

“சாயம் போட்ட குருத்து பிழைக்காது.”

“அட கடவுளே.”

“வெளியே எடுத்து நட்டுப் பார்க்கலாம். துளிர்த்தாலும் துளிர்க்கும்.”

“துளிர்க்கலைன்னா?”

“திரும்ப உள்ளே வைக்க முடியாது.”



“வேணாம் மேடம். அங்கேயே இருக்கட்டும். சலேத்தோடது ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிடுறேன்.”

பாவம் மனுஷன், குரல் உடைந்துவிட்டது.  பர்வீன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“அண்ணி எப்ப இதுக்கு மகரந்தம் வெச்சாங்க?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாள்.”

“டாக்டர் சொன்னதுக்கு அப்புறமா?”

“ஆமா. ஒரு வருஷம் தாண்டாதுன்னு அவகிட்டயே சொல்லிட்டாங்க.”

“மகரந்தம் வெச்சதிலேருந்து ஆர்க்கிட் பூக்க எத்தனை வருஷமாகும்ணா?”

“என்ன மேடம், உங்களுக்குத் தெரியாததா? ஆறு, ஏழு…”

பாதியில் நிறுத்திவிட்டார்.



ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

“குழாயை எடுங்க மேடம். நானே நடுறேன்.”