செவலையைக் கட்டிய கயிறு

அன்று காலை ஐயா திருமேனியிடம் பேசியது மூன்று வார்த்தை. நாயிடம் பேசியது பதினொன்று. திருமேனி எண்ணி வைத்திருந்தான்.

திருமேனிக்கு வயது நாற்பத்தேழு. ஐயாவின் மலையடி ஆசிரமத்துக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சீடர்களில் மூத்தவன் அவன்தான். விடியற்காலையில் ஐயா மலைச் சுனைக்குக் குளிக்கப் போகும்போது பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போவான். குளித்து முடிக்கும்வரை கரையில் நிற்பான். மாலையில் புங்கமரத்தடியில் புத்தகம் படித்துக் காட்டுவான். மற்றச் சீடர்கள் கடலை பயிரிட்டார்கள், மாடு மேய்த்தார்கள். அந்தச் செம்பை மட்டும் யாரும் தொடுவதில்லை. தொட அவன் விட்டதில்லை.

சுனைக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் பாதி வெட்டியபடி கிடக்கும். வந்த முதல் வருடம் திருமேனி வெட்டியது. சுனைத் தண்ணீரைக் கீழூருக்கு இறக்கிவிட வேண்டும் என்று ஆரம்பித்தான். பாதியில் ஒருநாள் ஐயா கூப்பிட்டார்.

"செம்பு தூக்க ஒரு ஆள் வேணும். வா."

மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தவன்தான். கீழூர்ப் பெண்கள் இன்றைக்கும் குடத்தோடு மலை ஏறுகிறார்கள். விடியற்காலையில் எதிரே வரும்போது, ஐயாவுக்கும் செம்புக்கும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஆடி மாதம் சேவுகன் வந்தார். ஊர் ஊராக வயலில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போடும் கூட்டத்துக்கு அவர் தலைவர், கீதாரி. கையில் ஒரு கம்பளி. பின்னால் எட்டு மாதத்துச் செவலை நாய் ஒன்று, கால்கள் உடம்பைவிட நீளமாக.

"கம்பளி குளிருக்கு, சாமி. எங்க ஆட்டு மயிரு. நாய் காவலுக்கு. மயிலு வந்து கடலையக் கிண்டுதுன்னு சொன்னீங்கள்ல."

அந்த நாயை எப்படி வளர்த்தார்கள் என்று சேவுகன் வெகுநேரம் சொன்னார். திருமேனி பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஐயாவின் கை நாயின் தலைமேல் இருந்தது. அந்தக் கை தன் தலையில் கடைசியாக எப்போது பட்டது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் நாயும் சுனைக்கு வந்தது. முன்னால் ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. ஐயா சிரித்தார். மலைப்பாதை இருவர் நடக்கத்தான் அகலம். நாய் நடுவில் நுழைந்தது. பின்தங்கியவன் திருமேனி.

பதினைந்து நாள் இப்படிப் போயிற்று. பதினாறாம் நாள் ஐயா சொன்னார்.

"திருமேனி, செவலைய நீ பாத்துக்க."

முகத்தில் அறைந்தது போலிருந்தது அவனுக்கு. பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பதவி.

"பயிர மிதிக்குது ஐயா. பழகறவரைக்கும் கட்டிப்போட்டுடலாம்."

"உன் பொறுப்பு."

புங்கமரத்தில் கட்டினான். வயலுக்குக் காவலாக வந்த நாய் அதன்பின் வயலையே பார்க்கவில்லை.

முதல் வாரம் குரைத்தது. இரண்டாவது வாரம் கயிற்றைக் கடித்து அறுத்தது. திருமேனியின் பாயைக் கிழித்து நார் நாராகப் பரப்பியது. முருங்கைக் கன்றைப் பிடுங்கியது. சமையற்கட்டில் புகுந்து இருளாயியின் முறத்தைக் கடித்துத் துப்பியது. கயிற்றை இரட்டையாக்கினான். கட்டிய இடத்திலேயே முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியது. எதிலெல்லாம் வாய் வைக்குமோ அதிலெல்லாம் வேப்பெண்ணெய் தடவினான். வேப்பெண்ணெய்க்கும் பழகிக்கொண்டது. விளக்குமாற்றால் அடித்தான். அடுத்த நாள் விளக்குமாற்றைக் கடித்தது.

"அதக் கட்டிப்போட்டா அது என்ன சாமி பண்ணும்?" என்றாள் இருளாயி. ஆசிரமத்துக்குச் சமைப்பவள். யாருக்கும் பயப்படாத வாய். "கண்ண மூடித் தவமா பண்ணும்?"

"நீ அடுப்பப் பாரு."

"அடுப்பத்தான் பாக்குறேன். நீங்கதான் நாள் முழுக்க நாயவே பாக்குறீங்க."

ஒருநாள் நகரத்திலிருந்து ஒரு மில் முதலாளி காரில் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தொழிலாளிகளுக்கு நன்றியே இல்லை என்று ஐயாவிடம் ஒரு மணி நேரம் வருத்தப்பட்டார். வெளியே வந்தபோது இடது ஷூ இல்லை. புங்கமரத்தடியில் மறுபடி அறுந்த கயிற்றுக்குப் பக்கத்தில் ஷூவின் நாக்கு மட்டும் கிடந்தது. ஒற்றைக் காலில் ஷூவும் மற்றக் காலில் புழுதியுமாகக் கார்வரை நடந்தார்.

"நம்ம மண்ணு இன்னைக்குத்தான் அவரு காலுல பட்டுருக்கு" என்றாள் இருளாயி.

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். திருமேனி சிரிக்கவில்லை. தான் சொன்ன எதற்கும் ஐயா இப்படிச் சிரித்ததில்லை.

அதைவிட மோசம் மாலை நேரம். கட்டுண்டு கிடக்கும் நாயைப் பார்த்து ஐயா புங்கமரத்தடிக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். ஒரு தேங்காய் மட்டையைக் கொடுப்பார். அது கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திருமேனி புத்தகத்தைத் திறப்பான்.

"இன்னைக்கு வேணாம்பா" என்பார் ஐயா. "இது தூங்கட்டும்."

தோளில் இருக்கும் கம்பளியை எடுத்து நாயின் பக்கத்தில் வைப்பார். நாய் அதில் மூக்கைப் புதைத்துத் தூங்கும்.

இருளாயி ஒருநாள் கேட்டாள்: "என்ன சாமி, பரிவட்டம் இப்ப நாலுகால் சாமிக்குத்தானா?"

அன்று அவன் சாப்பிடவில்லை.

ஆவணி முடிந்து புரட்டாசியும் பாதி ஆகிவிட்டது. ஒரு மதியம் ஐயா வயல் பக்கம் போயிருந்தார். இருளாயி கிணற்றடியில் இருந்தாள். கொடியில் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. திருமேனி அதை எடுத்தான். கம்பளி கையில் கிழியவில்லை. அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியால் ஓரத்தில் கீறினான். பிறகு இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து வந்தது.

கிழிந்த கம்பளியை நாயின் முன் போட்டான். நாய் முகர்ந்தது. அதன்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

ஐயா வந்து பார்த்தார். கிழிசலுக்குள் கையை விட்டு விரல்களை விரித்தார்.

"செவலையா?"

"ஆமா ஐயா."

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

ஐயா கம்பளியை மடித்து வைத்தார்.

"என்ன செய்யலாம்?"

"திருப்பி அனுப்பிடலாம். இது திருந்தாது ஐயா. அது இருந்தா நான் இருக்கறது செரமம்."

"சரி. கீதாரிய வரச் சொல்லு."

சேவுகன் வர மூன்று நாள் ஆயிற்று. மூன்று இரவும் ஐயா வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். திருமேனி தன் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஐயா வாங்கவில்லை. மூன்று விடியலிலும் மலைப்பாதையில் அவர்கள் இருவர் மட்டுமே நடந்தார்கள். திருமேனி ஆசைப்பட்டது அதைத்தான். ஐயா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

நான்காம் நாள் காலையில் சேவுகன் வந்தார். நாய் கயிறு அறுந்துபோகிற மாதிரி குதித்தது.

"என்னடா பண்ணுன, கழுத? சாமி ஆளு விட்டு அனுப்புற அளவுக்கு?"

"கம்பளியக் கடிச்சுக் கிழிச்சிடுச்சு" என்றான் திருமேனி.

சேவுகன் சிரித்தார். "செருப்பக் கடிச்சுச்சுன்னு சொல்லுங்க, நம்புறேன். கம்பளியா?"

"கிழிஞ்சு கெடக்குல்ல."

"சாமி, இத நான் குடுக்குறப்பவே சொன்னேனே. இது கண்ணு தொறக்குமுன்னாடியே தாய்கிட்டருந்து பிரிச்சு ஆட்டுக்குட்டிகளோட போட்டது. அந்த மயித்துக்குள்ள கெடந்துதான் வளந்துச்சு. கெடையில இருக்கற நாயி ஆட்டு மயிருல பல்ல வச்சா நாங்க பொழைக்க முடியுமா? செத்தாலும் வைக்காது."

கம்பளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பல்லு பட்டா மயிரு பிஞ்சு பிசிறடிக்கும். இது பாருங்க, ஓரத்துல நேரா ஒரு வெட்டு. கத்தி பட்ட வெட்டு இது..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். இருளாயி திருமேனியைப் பார்த்தாள்.

"நான் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுறேன்" என்று நகர்ந்தாள். அந்த ஆசிரமத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலையே இல்லை.

ஐயா சேவுகனிடம் கேட்டார்:

"உன் கெடையில எள நாயி கண்டதையும் கடிச்சா என்னப்பா செய்வே?"

"கடிக்காது சாமி."

"கடிச்சா?"

"நாலு மைலு ஆட்டோட நடக்கும், சாமி. சாயங்காலம் படுத்தா எங்க அதுக்குக் கடிக்கத் தெம்பு? சும்மா கட்டிப்போட்டா மனுசனே கடிப்பான்." சொல்லிவிட்டுத் திருமேனி பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டேனோ என்னமோ."

"தப்பில்ல. அத அவுத்து வயலுக்குக் கூட்டிட்டுப் போ. மயில் எந்தப் பக்கம் வரும்னு காட்டிக்குடு. அது இங்கயே இருக்கட்டும்."

சேவுகன் முடிச்சை அவிழ்த்தார். செவலை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு புழுதி கிளம்ப ஓடியது. கயிறு மரத்தடியில் கிடந்தது.

திருமேனி உள்ளே போனான். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, படித்துக் காட்டும் புத்தகம். மூட்டை சின்னதாகத்தான் வந்தது. வெளியே வந்து புத்தகத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தான். செம்பைக் கழுவித் துடைத்து ஐயாவின் காலடியில் வைத்தான்.

"வர்றேன் ஐயா."

"எங்க?"

"தெரியல."

ஐயா குனிந்து செம்பைத் தானே எடுத்துக்கொண்டார். அதன் கனம் அவருக்குப் புதிதாக இருந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த மண்வெட்டி எங்க கெடக்கு?"

"எந்த மண்வெட்டி?"

"நான் கூப்புட்டப்ப நீ வச்சிட்டு வந்தது."

திருமேனி யோசித்தான். "மாட்டுக் கொட்டகையில. கூரை எறவாணத்துல சொருகி வச்சேன். காம்பு உளுத்துப் போயிருக்கும்."

"காம்பு மாத்திக்கலாம். எடுத்துட்டு வா."

திருமேனி நகரவில்லை. மூட்டை கையில் இருந்தது.

"பொய் சொன்னேன் ஐயா. கண்ணால பாத்தேன்னு சொன்னேன். அந்த வாயில்லாத சீவன் மேல பழி போட்டேன். நீங்க மூணு ராத்திரி குளிருல படுத்தீங்க. மொத நாளே உங்களுக்குத் தெரியும். தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஐயா என்ன வெரட்டல?"

ஐயா மரத்தடிக்குப் போனார். கயிற்றை எடுத்துச் சுருட்டினார்.

"செவலைய நீ கட்டிப்போட்டது ரெண்டு மாசம். உன்ன நான் பத்தொன்பது வருசம்."