யாரும் மேயாத புல்

ஒரு வறண்ட காட்டில் பவளம் என்றொரு முயல் இருந்தது. இலை அசைந்தாலே அதற்கு நெஞ்சு படபடக்கும். அதன் கணவன் சின்னையன் அப்படியே எதிர்மாறு, எதற்கும் கவலைப்படாது. இருவருக்கும் மூன்று குட்டிகள்.

கோடை வந்தால் அந்தக் காட்டு விலங்குகள் ஏரிக்கரைப் பட்டணத்துக்குப் போய் நாலு நாள் தங்கி வருவது வழக்கம். பட்டணம் என்றால் சும்மாவா பிள்ளைகளே, மரத்துக்கு மரம் கூடு, புதருக்குப் புதர் குடித்தனம். போன கோடையில் முயல் குடும்பம் தவளைகளுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டது. அந்த இரைச்சலில் கடைக்குட்டி தூக்கிவாரிப் போட்டுத் துள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு வாய் புல் தின்னவில்லை. எலும்பும் தோலுமாகத் திரும்பிய குட்டியைத் தேற்றி எடுப்பதற்குள் பவளம் பாதியாகிப் போனது.

அதனால் இந்த ஆண்டு, சத்தமில்லாத இடம் கிடைத்தால்தான் தங்குவது என்று பவளம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பட்டணத்தில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் காட்டுவது ஓர் ஓணானின் பிழைப்பு. கேட்டதற்குத் தலையை ஆட்டும். கேட்காததைச் சொல்லவே சொல்லாது. முதலில் அது மைனாக்கள் குடியிருந்த ஆலமரத்தடியைக் காட்டியது. மைனாக்கள் அப்போது ஒரு பழத்துக்காக ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. பவளம் காதைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டியது.

அடுத்து, ஒரு பழைய புற்றுக்கு அருகே இருந்த புதரைக் காட்டியது ஓணான். அங்கே குருவிச் சத்தம்கூட இல்லை.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று பவளம் கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது.

"பக்கத்துல இருக்கிறவங்க?"

"ஒருத்தர்தான் அம்மா. சத்தமே போட மாட்டார்."

பவளத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்போதே அந்த இடத்தைப் பேசி முடித்தது. சின்னையன் புதருக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்தது. குட்டிகள் மேயப் போயின.

பவளமும் ஒரு வாய் புல்லைக் கடித்தது. நல்ல இளம்புல். காது மறையும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கோடையில், இத்தனை கூட்டம் உள்ள பட்டணத்தில், இந்தப் புல்லை ஏன் யாரும் தொடவில்லை? பவளம் குனிந்து பார்த்தது. ஒரு நுனிகூடக் கடிபட்டிருக்கவில்லை. தரையில் ஓர் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை. வாயில் இருந்த புல்லைத் துப்பியது.

வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானிடம் ஓடியது. "இங்கே ஏன் இவ்வளவு அமைதி?"

"இதை யாரும் கேட்டதே இல்லையே," என்றது ஓணான். "புற்றுல மலைப்பாம்பு இருக்கு அம்மா. மாசம் ஒரு தடவை பசிச்சா மட்டும் வெளியே வரும்."

"கடைசியா எப்ப வந்தது?"

"ஒரு மாசம் இருக்கும்."

பவளம் சட்டென்று குட்டிகளைத் தேடியது. திரும்பிப் பார்த்தால் இரண்டு குட்டிகள்தான் கண்ணில் பட்டன. கடைக்குட்டியோ தள்ளி, புற்றின் வாயருகே மேய்ந்துகொண்டிருந்தது. புல் அங்கேதான் செழிப்பு. குட்டிக்குப் பின்னால், புற்றின் இருட்டுக்குள் ஏதோ மெல்ல நகர்ந்தது.

பவளம் பின்னங்கால்களால் தரையை ஓங்கி அறைந்தது. ஆபத்து என்றால் முயல்கள் அப்படித்தான் சொல்லும். சத்தம் என்றாலே துள்ளும் கடைக்குட்டி, இருந்த இடத்திலிருந்து ஓர் ஆள் உயரம் துள்ளியது. பாம்பின் வாய் வெறும் புல்லைக் கவ்வியது. அடுத்த நொடி குடும்பமே ஆலமரத்தை நோக்கிப் பறந்தது.

அங்கே மூச்சு வாங்கி நிற்பதற்குள், புற்றை விட்டு வெளியே வந்த பாம்பைக் கண்டு மைனாக்கள் கத்தத் தொடங்கின. அந்தக் கத்தலில் ஏரிக்கரை முழுவதும் உஷாரானது. இரை தப்பிய மலைப்பாம்பு புற்றுக்கே திரும்பியது.

"இந்த இரைச்சல்ல எப்படி நாலு நாள் இருப்பே?" என்று சின்னையன் கேட்டது.

பவளம் கடைக்குட்டியை அணைத்துக்கொண்டு, "கத்தட்டுங்க. அந்தச் சத்தம் நிக்குதான்னு மட்டும் பார்த்துக்குவோம்," என்றது.

நீதி: அமைதியான இடமா என்று கேட்டால் போதாது, அந்த அமைதி எதனால் வந்தது என்றும் கேட்க வேண்டும்.