மூன்று இலைகள்

"மூணு வருசமா உங்க பின்னாடியே நடக்கறேனுங்க டீச்சர். ஒண்ணுமே சொல்லித் தரலையே?" என்றார் துரைக்கண்ணு.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்தாறு. ஞாயிறுதோறும் கல்லாற்றுக் காட்டோரம் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அவர்தான் குரு.

"பாத்துட்டுத்தானே இருக்கீங்க சார்?" என்றார் டீச்சர்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று துரைக்கண்ணுவுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று இருவாட்சிப் பறவையைத் தேடி வந்திருந்தார்கள். இருவாட்சி வரவில்லை. செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கக் குனிந்தார் துரைக்கண்ணு. முகத்துக்கு நேராகப் புதரில் ஒரு கூடு தொங்கியது. சுருக்குப்பை அளவுதான் இருக்கும். வாசலில் இரண்டு குட்டி அலகுகள்.

தேன்சிட்டு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தாச்சுல்ல? வாங்க, போலாம்" என்றார் டீச்சர். நின்றுகூடப் பார்க்கவில்லை.

டீச்சர் ஓடைக்கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த நேரம், துரைக்கண்ணு மட்டும் திரும்பிப் போனார்.

நின்று பார்த்தால் மூன்று இலைகள் கூட்டை மறைத்தன. கேமரா பையில் மீசை வெட்டும் கத்தரி இருந்தது. கூட்டைத் தொடவில்லை. குஞ்சுகளைத் தொடவில்லை. அவ்வளவு கவனமாகத்தான் வெட்டினார்.

உச்சிப்பொழுதில் படத்தை டீச்சரிடம் காட்டினார். அதுவரை அடக்கி வைத்திருந்ததே பெரிது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வெயில் எங்கிருந்து வந்துச்சு சார்?"

"அதுதானுங்க அழகே!"

"இலை இருந்துச்சே?"

"மூணே மூணுதானுங்க."

டீச்சர் எழுந்து ஓடினார்.

வெயில் நேராகக் கூட்டில் விழுந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

"பசி போல" என்றார் துரைக்கண்ணு.

"பசியில்ல. மூச்சு வாங்குது."

துரைக்கண்ணு தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தார். டீச்சர் மேலே காட்டினார். அலகில் சிலந்தியோடு தாய் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்க நிக்கிற வரைக்கும் அது வராது."

தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டு விலகினார். தாய் தொப்பிக்கு மிரண்டு பறந்தது. தொப்பியை எடுத்தார். வெயில் விழுந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி எடுத்தார்.

"ஏதாச்சும் சொல்லுங்க டீச்சர்!"

டீச்சர் கூட்டை விட்டுத் தள்ளி நடந்தார்.

கடைசியில் துரைக்கண்ணுவும் தொப்பியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றார்.

தாய் வந்தது. வாசலைப் பற்றிக்கொண்டு சிலந்தியை உள்ளே நீட்டியது. வாய் திறக்கவில்லை. அடுத்த குஞ்சுக்கு நீட்டியது. அதுவும் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சிலந்தியைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்தது.

சற்று நேரத்தில் இன்னொரு பூச்சியோடு வந்தது.

துரைக்கண்ணுவால் பார்க்க முடியவில்லை. கேமராவை எடுத்தார்.

"இந்தப் படத்தை அழிச்சிடறேனுங்க."

"வேண்டாம் சார். அதுங்க ரெண்டும் உசுரோட இருக்கிறது அதுல மட்டுந்தான்."