கை தூக்க வராத சட்டை

"டீச்சர், எனக்கு ஜோடி இல்லை," என்றாள் நித்திலா.

சகாயராணி டீச்சர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"கேக்க எங்க விட்டாங்க? நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றதுக்குள்ள ஒருத்தியை ஒருத்தி பிடிச்சுக்கிட்டாங்க. போன வாரமும் இப்படித்தான்."

"ம்."

"ம்முன்னா என்ன டீச்சர் அர்த்தம்?"

"ம்முன்னு அர்த்தம்."

அது இளைஞர் மன்றத்தின் கேரம் அறை. சனிக்கிழமை காலையில் மட்டும் கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்து, தரையில் பாய் விரித்துவிட்டால் தையல் வகுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எவளும் தனக்குத் தைத்துக்கொள்ளக் கூடாது. இவள் அவளுக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும், அவள் இவளுக்கு. மன்றத்தின் ஆண்டு விழாவில் ஒவ்வொருத்தியும் தன் ஜோடி தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேற வேண்டும்.

ஜோடி இல்லாதவளுக்குச் சட்டையும் இல்லை, மேடையும் இல்லை.

நித்திலாவுக்கு ஏன் ஜோடி கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை மதியம் பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு ஃபுட்பால். அங்கேயும் தையல் சொல்லித்தந்தது இதே சகாயராணி டீச்சர்தான். படிப்பை முடித்த கையோடு பகுதிநேர வேலையில் சேர்ந்தவர். ப்ளஸ் டூ பெண்களுக்கு நடுவில் நின்றால் டீச்சர் யாரென்று தேட வேண்டும். ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட்டு, "ஏதாவது கேள்வி உண்டா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தார். எட்டாம் வகுப்பு நித்திலா கையைத் தூக்கினாள்.

"சட்டையில பட்டன் அறுந்தா பையன்களுக்குத் தைக்கத் தெரிய வேண்டாமா சார்? பந்தை உதைக்க எங்களுக்குக் கால் இல்லையா?"

மைதானமே கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராபியா விசில்கூட அடித்தாள்.

அடுத்த புதன்கிழமை தையல் வகுப்பு இல்லை, ஹெச்.எம். எடுத்துவிட்டார். பேதம் பார்க்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாதாம். அந்த நேரத்தில் பெண்களுக்குக் கணக்கு. பையன்களுக்கு? ஃபுட்பால்தான். அதை யார் நிறுத்தினார்கள்!

சகாயராணி டீச்சருக்கு வேலை போயிற்று. வாரம் முழுக்கப் புதன்கிழமைக்காகவே காத்திருந்த பெண்கள் நித்திலாவோடு பேச்சை நிறுத்தினார்கள். ராபியா பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

"நான் கேட்டது நியாயம்தானே டீச்சர்?" என்றாள் நித்திலா இப்போது, பாயில் உட்கார்ந்தபடி.

"நியாயம்தான்."

"நான் தையலை நிறுத்தச் சொல்லலையே. அவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்குடுங்கன்னுதானே சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னே."

"அப்ப தப்பு ஹெச்.எம். மேலதானே?"

"ஹெச்.எம். மேலதான்."

"பின்ன அதை இவங்ககிட்ட சொல்லுங்களேன்!"

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சொல்லட்டுமா? சொன்னா ஜோடி கிடைச்சிருமா?"

நித்திலாவுக்கு மூக்கு விடைத்தது.

"எனக்கு ஜோடியே வேண்டாம். நானே எனக்கு அளவெடுத்துக்குவேன்."

"எடுக்க வராது."

"ஏன் வராது? வீட்டுல கண்ணாடி இருக்கு. எனக்குக் கை இருக்கு. டேப் மட்டும் குடுங்க."

டீச்சர் டேப்பை அவள் மடியில் போட்டுவிட்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் வீடு அமைதியாகக் கிடந்தது. நித்திலா பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்று, டேப்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையை முதுகுப்பக்கம் கொண்டுபோனாள். அது நழுவியது. மறுபடி பிடித்தாள்.

"ஆடாம நில்லுடி," என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

"நான் எங்க ஆடுறேன்? நீதான் சரியாப் பிடிக்கல."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல உனக்கு."

டேப்பில் வந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு நித்திலா கத்தரிக்கோலை எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. ஓரத்தையல் கோடு போட்டதுபோல் இருந்தது. பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ராபியாவும் பார்த்தாள்.

"வராதுன்னீங்களே டீச்சர்?"

டீச்சர் அவளைச் சுற்றி வந்தார். காலரைத் தொட்டார். தோள்பட்டையில் ஒரு விரலை வைத்தார்.

"கையைத் தூக்கு."

நித்திலா தூக்கினாள். தோள் உயரத்தோடு கை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். கைக்குழியில் தையல் இரண்டு கண்ணி விட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் ராபியா, பாயைப் பார்த்தபடி. "இனிமே இவ எந்த ஆபீசர் முன்னாலயும் கை தூக்க மாட்டா."

அறை குலுங்கியது. சிரிப்பை அடக்க ஒருத்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். நல்ல கேலிதான். நித்திலாவுக்கே சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

அவள் சிரித்ததும் மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அவளுடைய சிரிப்பு மட்டும் அறைக்குள் கொஞ்ச தூரம் தனியாகப் போய், திரும்பி வந்தது.

"எங்க தப்பு டீச்சர்?" என்றாள், தலை குனிந்தபடி.

"டேப்பைப் பிடிக்க நீ கையைத் தூக்கினேல்ல? கை ஏறினா தோள் ஏறும். முதுகு மாறும். நீ எடுத்தது டேப்போட மல்லுக்கட்டுற நித்திலாவோட அளவு. சும்மா நிக்கிற நித்திலாவோட அளவு இல்லை."

"சும்மா நிக்கிற என்னை நானே எப்படி அளக்கிறது?"

"அதைத்தான் வராதுன்னு சொன்னேன்."

"அப்ப ராபியாவுக்கு உத்தரவு போடுங்க. என்கூட நிக்கச் சொல்லுங்க."

"போட்டா நிப்பா. மரக்கட்டை மாதிரி நிப்பா. அந்த மரக்கட்டைக்குத் தைப்பியா?"

நித்திலா டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

வகுப்பு முடிந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக, ஒருத்தி தோளில் இன்னொருத்தி கையைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ராபியா போனாள். நித்திலா பாயில் உட்கார்ந்து, பையிலிருந்த பழைய சட்டைக்கு மாறிக்கொண்டு, ஒரு பிளேடால் நீலச் சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இனி இந்த மன்றத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமலே போய்விடுவதா என்பது ஒன்றுதான் முடிவாகவில்லை.

ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள்.

சகாயராணி டீச்சர் அவள் எதிரில், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு ஜாக்கெட் தை."

"உங்களுக்கா?"

"எனக்கும் ஜோடி இல்லை."

நித்திலா எழுந்தாள். டேப்பை டீச்சரின் முதுகுப்பக்கமாகக் கொண்டுபோய் முன்னால் சேர்த்தாள். பாடத்தில் சொன்னபடி இரண்டு விரலை உள்ளே விட்டுக்கொண்டாள். இத்தனை நாள் பழகியும் டீச்சருக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதில்லை. கழுத்தோரம் பவுடர் திட்டாக இருந்தது. ஜாக்கெட்டின் தோள்மடிப்பை யாரோ அவசரமாக ஒட்டுப்போட்டிருந்தார்கள். யாரோ என்ன, டீச்சரேதான்.

"எடுத்தாச்சு டீச்சர்."

"இல்லை."

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன்."

"டேப்பு சரி. நான்தான் மூச்சைப் பிடிச்சிருக்கேன். இந்த அளவுக்குத் தைச்சா எனக்குத் தொளதொளன்னு தொங்கும். நான் விடுற வரைக்கும் இரு."

"எப்ப விடுவீங்க?"



நித்திலா காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. நான் கேட்டது நியாயம்தான் என்பது தொண்டை வரை வந்தது. நீங்களே ஒத்துக்கிட்டீங்களே என்பதும் வந்தது. தப்பு ஹெச்.எம். மேலதான் என்பதும் வந்தது. எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எல்லாவற்றுக்கும் டீச்சர் ஆமாம் போட்டிருந்தார்.

டேப்புக்குள் இருந்த இரண்டு விரலும் வலித்தன. விரல்களுக்கு அடியில் டீச்சரின் விலா எலும்பு சாத்திய கதவுபோல் இருந்தது.

"டீச்சர்."

"ம்."

"என் மேல கோபமா?"

சகாயராணி டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஆமா," என்றார்.

நித்திலாவின் விரல்களைச் சுற்றி டேப் தளர்ந்தது.

"இப்ப எடு."