எந்த எண்ணில் தெளிவு

ஜெனிட்டா தூத்துக்குடியில் புகைப்படம் கற்றுத்தருகிறவர். அவரிடம் படிக்கிறவர்களில் மூத்தவர் சிதம்பரசாமி. ஜெனிட்டாவின் அப்பாவுக்கே அண்ணன் வயது. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். கடையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிற ரகம்.

அன்று மடிக்கணினியோடு வந்தார்.

"டீச்சர், என் லென்ஸ் எந்த அப்பர்ச்சர்ல ரொம்பத் தெளிவா எடுக்கும்?"

"அநேகமா எட்டுல."

"அநேகமான்னா போதாது. திங்கக்கிழமை வீட்டுக்காரிக்கு மருந்து ஏத்துதாங்க. முடியெல்லாம் கொட்டிருமாம். அதுக்குள்ள நல்லதா ஒரு படம் எடுத்துக் குடுங்கன்னா. அவ எங்கிட்ட எதுவும் கேட்டவ இல்ல. இது தப்பிரக் கூடாது."

ஜெனிட்டா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லென்ஸைச் சோதிக்க எல்லோரும் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுப்பார்கள். ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை எட்டு, பதினொன்று என்று எந்த எண்ணில் வைத்தால் எழுத்து கூர்மையாக விழுகிறது என்று பார்ப்பார்கள். சிதம்பரசாமி வீட்டில் புதுப் பெயின்ட். சுவரில் பசை படக்கூடாதென்று, மனைவி செண்பகத்தையே தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டார் மனிதர்!

அந்தப் படங்களை மடிக்கணினியில் திறந்து, எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"எட்டுல பாருங்க, வரி விளம்பரத்தைக்கூட வாசிக்கலாம். பதினொண்ணும் மோசமில்ல. இந்த அஞ்சு புள்ளி ஆறுதான் தேறாது. அவ ஆடிட்டா. அழிச்சிரணும்."

ஜெனிட்டா அந்தப் படத்தை மெல்லக் கீழே நகர்த்தினார். தாளுக்கு மேலே செண்பகத்தின் முகம் வந்தது. பின்னல் தோளில் சரிந்து கிடக்க, கண்ணை இறுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் சிரிக்காங்க?"

"கை கடுக்குது, இன்னும் எத்தனை நம்பர் வச்சிருக்கீங்கன்னா. நீ ஒழுங்கா நில்லு, கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் கோணலா நின்னியேன்னு சொன்னேன்."

அவருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முகம் ஷேக் ஆயிருக்கே, டீச்சர்."

"ஆமா சார், ஆயிருக்கு."

"அப்போ எட்டுல வச்சு மறுபடி எடுத்துரவா?"

"தாராளமா எடுங்க. அதுக்கு முன்னால இதை அவங்ககிட்டக் காட்டுங்க. இன்னொண்ணு வேணுமான்னு அவங்க சொல்லட்டும்."