தேரிக்காட்டில் ஒரு கையுறை

"டீச்சர், அந்தக் கையுறைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்டவருக்கு அறுபது வயது. சாத்தான்குளத்துக்காரர். தமிழில் நாவல் எழுதுபவர். மகன் வீட்டில் தங்க அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்தவர்.

ஏரிக்கரை வீட்டில் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் சுகிர்தா அவரைவிட ரொம்ப இளையவள். அமெரிக்காவில் பிறந்து, ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கியவள். அவள் பேசும் தமிழ், அம்மாவிடமிருந்து வந்தது.

அவளுடைய எல்லா நாவலிலும், யாராவது தொலைவதற்கு முன்னால், பனியில் ஒற்றைச் சிவப்புக் கையுறை கிடக்கும்.

சுகிர்தா காபியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க படிச்சதா பேட்டியில சொன்ன எல்லாத்தையும் படிச்சிட்டேன் டீச்சர். ரஷ்யக் கதை, சங்கீத புஸ்தகம், பழைய கப்பல் கதை. உங்கள மாதிரியே சின்னச் சின்ன வாக்கியமா எழுதுறேன். உங்க கையுறையக்கூட என் நாவல்ல போட்டிருக்கேன்."

"எங்க போட்டீங்க?"

"தேரிக்காட்டுல."

தேரி என்பது அவர் ஊர்ச் செம்மணல் காடு. வெயிலுக்கு அங்கே வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்த இடத்தில் கம்பளிக் கையுறை யார் கையிலிருந்து விழும் என்று மனுஷர் யோசிக்கவில்லை. ஆசை வெட்கமறியாது.

"என் நாவலப் படிச்ச கூட்டாளி, இதுல நீ எங்கடேன்னு கேட்டான். இதான் என் கடைசி நாவல். இதுலயும் நான் இல்லன்னா எங்கயுமே இல்ல. பயமா இருக்கு டீச்சர்."

சுகிர்தா ஜன்னலைக் காட்டினாள். உறைந்த ஏரி. நடுவில் மீன் பிடிப்பவர்கள் போட்ட மரக்குடில்.

"அதத் தொட்டுட்டு வாங்க அண்ணாச்சி. லாரி போனாலே ஐஸ் தாங்கும்."

போனார். தொட்டார்.

திரும்பும்போது காற்று எழுந்தது. பனித்தூள் பறந்து கரை மறைந்தது. குடிலும் மறைந்தது. குனிந்து பார்த்தார். தன் காலடித் தடத்தையும் காணோம்.

குளிரைவிடப் பயம்தான் அதிகம். அழுகை வந்துவிட்டது. ஓரடி எடுத்து வைக்கத் துணியாமல், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

காற்று அடங்கியபோது பார்த்தால், கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

சுகிர்தா அவருக்குப் போர்வை போர்த்திவிட்டாள்.

"அங்க கையுறை கெடந்துச்சா?"

"இல்ல."

"அப்ப என்னத்தக் கேட்டுட்டு நின்னீங்க?"

மாசிலாமணி போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"தட்டுச் சத்தம். ஆடிக்காத்துல தேரி மணல் பறந்தா தடமெல்லாம் அழிஞ்சிரும். ஆடு மேய்க்கப் போன பிள்ளைக சத்தத்தப் புடிச்சு வீடு வந்து சேரணும்னு பொம்பளைங்க பித்தளைத் தட்ட அடிப்பாக. சின்ன வயசுல ஒருநா நான் அந்தச் சத்தத்துலதான் வந்தேன். தம்பி வரல. எங்கம்மா விடிய விடிய அடிச்சா."

"இத எந்த நாவல்ல எழுதியிருக்கீங்க?"

"எழுதல. அந்தப் பக்கம் போகவே பயம்."

சுகிர்தா ஏரியைப் பார்த்தாள்.

"அந்தச் செவப்புக் கையுறை, பனியில தொலைஞ்ச எங்க அக்காவோடது, அண்ணாச்சி. திருப்பிக் குடுத்துருங்க."