மரநாய் உதிர்த்த இலுப்பைக் காய்கள்

பாறைகள் நிறைந்த ஒரு காட்டில் பெரிய இலுப்பை மரம் நின்றது. அதன் பொந்தில் ஒரு மரநாய் தன் குட்டியோடு வாழ்ந்தது. மரத்தடி வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது.

மழை இல்லாத மாதங்களில் அங்கே பாறைகள் கொதிக்கும். விலங்குகளின் பாதங்கள் வெடித்துவிடும். அதற்கு மருந்து முள்ளம்பன்றியிடம்தான் கிடைக்கும். வௌவால்கள் இலுப்பைப் பழத்தைத் தின்றுவிட்டுப் போடும் கொட்டைகளை அது பொறுக்கும். அவற்றைக் காயவைத்து, உடைத்து, பருப்பை இடிக்கும். பாறைக் குழியில் சுடும் நீரில் அதைக் கரைத்து, மேலே மிதக்கும் நெய்யை வழித்து எடுக்கும். நிழலில் வைத்தால் அது வெண்ணெய்போல உறைந்துவிடும்.

"அக்கா, ஒரே தடவல்தான்! வலி போன இடம் தெரியவில்லை!" என்று முயல் துள்ளியது.

மேலே இருந்த மரநாய்க்கு வயிறு எரிந்தது. "மரத்தில் குடியிருப்பது நான்! பேர் மட்டும் அந்த முள்மூட்டைக்கா?"

"அம்மா, எனக்கும் கால் வெடித்திருக்கிறது. கீழே இருக்கிற பெரியம்மாவிடம் கொஞ்சம் வாங்கித் தாயேன்" என்றது குட்டி.

"அவளிடம் போய் நிற்பதா? நானே செய்து தருகிறேன். அப்புறம் பார், எல்லாரும் நம் பொந்தை அண்ணாந்து பார்த்து நிற்பார்கள்!"

காய்கள் பழுக்க இன்னும் சில நாள்கள் இருந்தன. மரநாய் காத்திருக்கவில்லை. கிளை கிளையாகத் தாவி உலுக்கியது. பச்சைக் காய்கள் பொலபொலவென்று கொட்டின.

முள்ளம்பன்றி பதறி ஓடி வந்தது. "ஐயோ, உலுக்காதே! பழுக்காத கொட்டையில் நெய் இருக்காது!"

"உன் பிழைப்பு போய்விடுமே என்று கதறுகிறாயா? நன்றாகக் கதறு!"

ஒரு காய்கூட மிஞ்சவில்லை. வௌவால்கள் வந்தன, வெறுங்கிளைகளைப் பார்த்து வேறு காட்டுக்குப் பறந்தன.

மரநாய் இடித்தது, கரைத்தது. நெய் மிதக்கவில்லை. கசப்பு நுரைதான் பொங்கியது. அதையே வழித்துக் குட்டியின் காலில் பூசியது.

"அம்மா! எரியுது! எரியுது!"

மரநாய் மரத்திலிருந்து இறங்கி ஓடியது. "அக்கா, என் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடு!"

முள்ளம்பன்றி தன் காலியான சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துக் காட்டியது. "நேற்று வந்திருந்தால் கொடுத்திருப்பேன், தங்கச்சி. கடைசியாக இருந்ததைக் காலையில்தான் மான்குட்டிக்குத் தடவினேன். இனி அடுத்த வருஷம்தான்."

மழை வரும்வரை மரநாய் தன் குட்டியை முதுகில் சுமந்துகொண்டே இரை தேடியது.

பொறாமை கொண்டவர் காதில் நல்ல சொல்லும் பகையாகவே விழும். அதனால் முதலில் துன்பப்படுவது அவர் வீட்டார்தான்.